டீ கிளாஸும் நானும்

அன்புள்ள சேகர்,

கடைசியாகப் பேசி எட்டு மாதம் ஆகிறது. திட்டு, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். கீதாவுக்கு முட்டிவலி. நம் சிநேகிதன் 'வாத்து' போன மாதம் பத்திரிகை வைக்க வந்தான். இன்னும் அதே நடைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். முருகன் வேலையை விட்டுப் போய்விட்டான். பன்னிரண்டு வருஷம் கிண்டி எஸ்டேட்டில் என்னோடு லேத் ஓட்டியவன். கணக்கு முடிக்கும்போது, "சம்பளத்துல குறை ஒண்ணும் இல்ல சார். நான் சொல்ல வந்ததை நீங்க ஒரு நாள்கூட முழுசாக் கேட்டதில்ல" என்றான். கோபமே இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

தை மாதம் 240 கன்மெட்டல் புஷ் ஆர்டர். நடுவில் துளை போட்ட வெண்கல உருளைதான். "சார், புது ட்ராயிங்ல போர்..." என்று ஆரம்பித்தான். "பார்த்தாச்சு, பழைய செட்டிங்லயே ஓட்டு" என்றேன். பார்க்கவில்லை. போர் என்றால் உள்துளை. பழைய ட்ராயிங்கில் அது 32 மில்லிமீட்டர், புதியதில் 30. துளை சின்னதாக இருந்தால் இன்னொரு கட் எடுத்துச் சரி செய்யலாம். பெரிதாகிவிட்டால் பழைய இரும்புக் கடைதான். கன்மெட்டல் விலை உனக்குத் தெரியாது, தெரியாமலே இரு. கொடுமை என்னவென்றால், அன்று சாயங்காலம் அவனைத்தான் கத்தினேன்.

இப்போது ஒரு பழக்கம் பிடித்திருக்கிறேன், சிரிக்காதே. யாராவது பேச வந்தால் டீயை ஒரு வாய் உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்வேன். விழுங்குவதற்குள் எதிராளி பாதியாவது சொல்லிவிடுவான். டீ இல்லாவிட்டால் அளவு பார்க்கும் வெர்னியரைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன். குறுக்கே விழுந்த நாளெல்லாம் காலண்டரில் சிவப்புப் புள்ளி.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று மைத்துனன் அடித்துச் சொன்னான். அது கிளம்பிய இடம் தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் ஆனவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. பிற்பாடு லண்டனில் 96 பேரை வைத்து ஆராய்ந்ததில் சராசரி 66 நாள். ஆளைப் பொறுத்து 18-லிருந்து 254 வரை கணக்குப் போகிறது. அதுவும் பழம் தின்பது, தண்ணீர் குடிப்பது மாதிரிச் சமாசாரங்களுக்கு. ஐம்பத்தாறு வயசு வாயை மூட எத்தனை நாளோ! நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது என்றும் அதில் கண்டார்கள். அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று 47-ஆம் நாள். பட்டறையில் தேவலை. வீட்டில் கேட்காதே. நேற்று கீதா "தண்ணி லாரிக்காரன்..." என்றதுமே "புக் பண்ணியாச்சு" என்றேன். அவள் சொல்ல வந்தது, அவன் வந்து, கேட் பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போனதை. சிவப்புப் புள்ளி, குடத்தோடு.

அப்புறம், சேகர், அந்தக் கடைசி போன். "ஒரு விஷயம்டா" என்று ஆரம்பித்தாய். கடன் கேட்கப்போகிறாய் என்று நினைத்து, எனக்கே கை கடிக்கிறது என்று கால் மணி நேரம் புலம்பினேன். "சரிடா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று வைத்துவிட்டாய். அந்த வாரம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எழும்பூரில் லாட்ஜில் நாலு நாள் கிடந்தாய் என்று வாத்து சொல்லித்தான் தெரியும். என் வீட்டு மாடி அறை காலியாகத்தானே இருந்தது.

போன் பண்ணினால் மறுபடி நடுவில் விழுந்துவிடுவேன். அதனால்தான் கடிதம். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள், அன்று என்ன சொல்ல வந்தாய், எத்தனை பக்கமானாலும் எழுது.

உன்
கண்ணன்