முழங்கால் படமும் எலும்பு ஸ்கேனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் எலும்புத் தேய்மானம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நாற்பது தாண்டிய பெண்கள் எல்லாரும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கூடவே போட்டிருந்த படத்தில் ஓர் அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிக்கிறார். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நாம் பேச்சில் எல்லாவற்றையும் 'தேய்மானம்' என்று சொல்லிவிடுகிறோம். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து வலிப்பது ஒன்று. எலும்புக்குள்ளேயே புரை விழுந்து அடர்த்தி குறைந்து, லேசாக விழுந்தாலும் முறிந்துபோவது முற்றிலும் வேறு. இந்த இரண்டாவதைத்தான் எலும்புப்புரை என்கிறோம், டாக்டர்கள் ஆஸ்டியோபொரோசிஸ் என்பார்கள். எலும்பு முறியும்வரை இது வலிக்கவே வலிக்காது. ஆகவே உங்கள் கட்டுரையைப் பார்த்து முழங்கால் வலிக்காரர்கள் ஸ்கேனுக்கு ஓடுவார்கள், வலியில்லாதவர்கள் நமக்கென்ன என்று வீட்டில் இருந்துவிடுவார்கள்.

என் அம்மா அப்படி இருந்துவிட்டவர். 67 வயதில் வாசற்படி தடுக்கி, கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரத்தில் பிரித்தார்கள், கை சரியாகிவிட்டது. விழுந்தால் முறியத்தானே செய்யும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறதென்றால் அந்த எலும்பைச் சந்தேகப்பட வேண்டும் என்று கட்டுப் போட்ட இடத்தில் ஒருவரும் சொல்லவில்லை (எனக்கு இன்னமும் ஆறாத கோபம் இது). அப்புறம் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கூன ஆரம்பித்தார், எப்போதும் கைக்கு எட்டுகிற அலமாரித் தட்டுக்கு முக்காலி கேட்டார். கதவு நிலையில் பிள்ளைகளுக்கு உயரம் குறித்த பென்சில் கோடுகளுக்கு மேலே, என்றைக்கோ விளையாட்டாக அம்மாவுக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தோம். ஒருநாள் அவரை அங்கே நிறுத்திப் பார்த்தால் தலைக்கும் கோட்டுக்கும் நடுவே என் மூன்று விரல் நுழைந்தது. இளவயது உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்தாலே முதுகெலும்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், அந்த முறிவு பலருக்கு வலியே இல்லாமல் வந்துவிடுமாம். எங்களுக்கு இதெல்லாம் தெரிந்தது அம்மாவுக்கு 71 வயதில் இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு 58 வயது. ஓர் இலவச முகாமில் குதிகாலை ஒரு சின்ன மெஷினுக்குள் வைக்கச் சொல்லி, இரண்டு நிமிஷத்தில் ஒரு சீட்டு கொடுத்தார்கள், அதில் எலும்பு அடர்த்தி மைனஸ் 2.6, அதாவது எலும்புப்புரை என்கிற அளவு. அன்றிரவு தூக்கமே இல்லை. மறுநாள் டாக்டரிடம் நீட்டினால் அவர் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. குதிகாலில் பார்ப்பது அல்ட்ராசவுண்ட், அதை வைத்து நோய் இருக்கிறது இல்லை என்று முடிவு கட்டக்கூடாது, அதற்கு இடுப்பிலும் முதுகெலும்பிலும் எக்ஸ்ரே கதிரால் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன்தான் என்றார். அதையும் உடனே எழுதிக் கொடுக்கவில்லை. மாதவிடாய் எந்த வயதில் நின்றது, ஸ்டீராய்டு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டதுண்டா, புகை, மது, உடல் எடை, பெற்றோரில் யாருக்காவது இடுப்பு முறிந்ததா என்று வரிசையாகக் கேட்டு, ஃப்ராக்ஸ் என்ற கணக்கில் போட்டுப் பார்த்தார். அடுத்த 10 வருஷத்தில் எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிற கணக்கு அது, ஸ்கேன் இல்லாமலேயே போடலாம். அம்மாவின் இடுப்பு முறிவு அங்கே எனக்கு எதிராக வந்து நின்றது.

கடைசியில் அவர் கேட்ட கேள்விதான் உங்கள் கட்டுரையில் இல்லாதது. "ரிசல்ட் மோசமாக வந்தால் மருந்து எடுத்துக்கொள்வீர்களா?" எடுத்துக்கொள்வேன் என்றால் ஸ்கேனுக்கு அர்த்தம் உண்டு. என்ன வந்தாலும் ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் எண்ணைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

ஸ்கேன் எடுத்தேன். படுத்தபடியே சில நிமிஷம், ஊசி கிடையாது, குகைக்குள் போகிற வேலையும் இல்லை, கதிர்வீச்சும் மிகக் கொஞ்சம்தான். இடுப்பில் மைனஸ் 1.6, முதுகில் மைனஸ் 0.7. முதுகு நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால், அதை நம்பாதீர்கள் என்கிறார் டாக்டர். முதுகில் தேய்மானத்தால் முளைத்திருக்கும் எலும்பையும் மெஷின் சேர்த்து எண்ணி, அடர்த்தியைக் கூட்டிக் காட்டிவிடுமாம். தேய்மானம் இங்கேயும் வந்து ஏமாற்றுகிறது பாருங்கள்!

இந்த மைனஸைப் பார்த்தும் பலர் பயந்துவிடுகிறார்கள். இந்த எண்ணுக்கு டி ஸ்கோர் என்று பெயர், அது நம்மை நம் வயதுக்காரர்களோடு ஒப்பிடுவதில்லை, ஆரோக்கியமான இளம்பெண்ணின் சராசரியோடு ஒப்பிடுவது. வயதான பிறகு மைனஸ் வராவிட்டால்தான் ஆச்சரியம். மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, நடுவில் இருப்பது அடர்த்திக் குறைவு. நான் நடுவில். மருந்து இப்போதைக்கு வேண்டாம், நடை, தசைக்கு வலு தரும் பயிற்சி, வைட்டமின் டி, ராத்திரி கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு விளக்கு, சில வருஷம் கழித்து அதே மெஷினில் மறுபடி ஒரு ஸ்கேன். சீக்கிரமே எடுத்தால் எலும்பின் மாற்றம் எது மெஷினின் பிழை எது என்று பிரிக்க முடியாதாம்.

60 வயதான என் தோழி ஒருத்தி, அவளிடமும் இதே கேள்விகளைக் கேட்டார்கள், ஆபத்துக் காரணம் ஒன்றுமே தேறவில்லை, 65 வரை பொறுக்கலாம் என்று வந்துவிட்டாள். அதுவும் சரியான முடிவுதான். அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு சொல்வதும் அதுதான்: 65 ஆன பெண்களுக்குப் பொதுவாக, அதற்கு முன் மாதவிடாய் நின்றவர்களில் ஆபத்துக் காரணம் இருப்பவர்களுக்கு. நாற்பது என்ற எண்ணை நீங்கள் எங்கே பிடித்தீர்களோ!

இதில் விட்டுப்போகிறவர் என் சித்தி மாதிரி ஆட்கள். 74 வயது, முடக்குவாதத்துக்காக வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை. வயது, வாதம், மாத்திரை என மூன்றுமே எலும்பை அரிப்பவை, முதல் ஆளாகப் போக வேண்டியவர். உங்கள் கட்டுரையை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு விரல்தாண்டி வலி, முழங்கால் நல்லாத்தானே இருக்கு" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த முறை தயவுசெய்து அந்தப் படத்தையாவது மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி ஒருத்தி