கணப்பு அறையின் நடுவில்தான் இருக்க வேண்டும்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி மழையில் கொஞ்சம் கூடியிருக்கிறது, கவலைப்படும்படி ஒன்றுமில்லை.

ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களை எதற்காக இப்படி உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்று போன வாரம் கேட்டாய். போனில் சொன்னால் பாதிதான் வரும், அதனால் எழுதுகிறேன். அமெரிக்காவின் ஆவணக் காப்பகம் நடத்தும் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் அவருடைய கடிதங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரிட்டிஷாரை எதிர்த்து அவர் படைத்தலைவராக நடத்திய அமெரிக்க விடுதலைப் போரைத் தெரிந்துகொள்ளத்தான் நான் முதலில் படித்தேன். 1776 செப்டம்பர் 30 தேதியிட்ட ஒரு கடிதத்தில் வந்து நின்றுவிட்டேன்.

அப்போது அவர் நியூயார்க்கில் ஹார்லெம் மேட்டில் முகாமிட்டிருந்தார். ஆகஸ்ட் 27-ல் லாங் ஐலண்டில் பெரிய தோல்வி. செப்டம்பர் 15-ல் நியூயார்க் நகரமே பிரிட்டிஷார் கைக்குப் போய்விட்டது. ஊர்ப்படையினர் கூட்டம் கூட்டமாக வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மற்ற வீரர்களுக்கும் ஆண்டு முடிவோடு தவணை முடியப்போகிறது. செப்டம்பர் 25-ல் அமெரிக்கக் குடியேற்றங்களின் பொதுச் சபையான காங்கிரஸின் தலைவர் ஜான் ஹான்காக்குக்கு இதையெல்லாம் விரிவாக எழுதினார். தூங்க வேண்டிய நேரத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு எழுதுவதாகச் சொல்கிறார். நிரந்தரப் படை ஏன் வேண்டும், சம்பளம் எப்படி இருக்க வேண்டும், குறுகிய காலத்துக்கு ஆள் சேர்த்தால் என்ன கெடும் என்று வாதம் வாதமாக வைக்கிறார். கலக்கம் இருக்கிறது, ஆனால் அளந்து பேசுகிறார்.

ஐந்தாம் நாள், ஊரில் தன் மவுண்ட் வெர்னான் பண்ணையைப் பார்த்துக்கொண்ட தூரத்து உறவினர் லண்ட் வாஷிங்டனுக்கு எழுதும்போது அந்த அளவெல்லாம் போய்விட்டது. என் பரம எதிரிக்குக் கொடிய சாபம் ஒன்று கொடுக்கச் சொன்னால், இன்று நான் இருக்கும் இடத்தில் என் மனதோடு அவனை நிறுத்துவேன் என்கிறார். பிறந்தது முதல் இத்தனை நிம்மதியற்று இருந்ததில்லை என்றும் சொல்கிறார். அதே கடிதத்தில், அதே கையால், ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் புது அறையைப் பற்றியும் எழுதுகிறார். குளிருக்கு நெருப்பு மூட்டும் கணப்பு சரியாக நடுவில் வர வேண்டும், கதவுகள் அதற்கு ஒத்துப்போக வேண்டும், வேலை மொத்தமும் கைதேர்ந்த முறையில் முடிய வேண்டும்!

படை கலைந்துகொண்டிருக்கிறது, மனுஷன் கணப்பை அளக்கிறார். முதலில் விசித்திரமாகத்தான் பட்டது. யோசித்தால், அந்த நாளில் அவர் சொன்னபடி நடக்கக்கூடியது அது ஒன்றுதானே. அதைவிட எனக்கு முக்கியம், அந்தச் சாபத்தை எழுத அவருக்கு ஓர் ஆள் இருந்தார் என்பது. டிசம்பர் 18-ல் தம்பிக்கு எழுதும்போது, ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றே நினைப்பதாகச் சொன்னார். ஒரு வாரம் கழித்து, 25-ஆம் தேதி இரவு, பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைக் கடந்து மறுநாள் காலை எதிரி வசமிருந்த டிரென்டன் ஊரைப் பிடித்தார்.

உனக்கு வேலை போனது எங்களுக்கு எப்போது தெரிந்தது? அடுத்த வேலை கிடைத்த பிறகு. அதுவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "நல்லா இருக்கேன்ப்பா" என்றுதான் சொன்னாய். எங்களை வருத்தப்படுத்தக் கூடாது என்று நினைத்தாய், புரிகிறது. ஆனால் நீ தனியாக அதைச் சுமந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, மனைவி மார்த்தாவுக்கு எழுதியவை எங்கே என்று கேட்பாய். கணவர் 1799-ல் இறந்த பிறகு, இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை அந்த அம்மா எரித்துவிட்டார். தப்பியவை மிகச் சில. 1775 ஜூன் 18-ல் பிலடெல்பியாவிலிருந்து எழுதியது அதில் ஒன்று. படைத்தலைமை தன் தலையில் விழுந்துவிட்டது, தவிர்க்க முடிந்த மட்டும் பார்த்தேன், உன்னோடு வீட்டில் இருக்கும் ஒரு மாதத்தின் சந்தோஷம் வெளியே எத்தனை வருஷம் இருந்தாலும் கிடைக்காது என்கிறார். கூடவே உயில் அனுப்புகிறார். கடைசியில், மஸ்லின் துணி வாங்கிவிட்டேன், கெஜம் 20 ஷில்லிங், உனக்குப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வரி. மற்றவை எரிந்தது வரலாற்றுக்கு நஷ்டம்தான். என்றாலும் அந்த அம்மா செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். போர் முழுக்க அந்த மனிதரை நாடு எடுத்துக்கொண்டது. கடிதங்களையாவது அந்த அம்மா தனக்கென்று வைத்துக்கொண்டார்.

எல்லாக் கடிதமும் மனதை நிறைப்பதில்லை. 1781-ல் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் மவுண்ட் வெர்னானுக்கு வந்தபோது, அங்கே அடிமைகளாக இருந்த 17 பேர் அதில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்பப் பெறலாம் என்று லண்ட் கப்பலுக்கு உணவுப்பொருள் கொடுத்தார். எதிரிக்கு உணவு கொடுக்காமல், அதனால் வீட்டையே பிரிட்டிஷார் எரித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று கண்டித்து எழுதினார் வாஷிங்டன். பலரும் இந்த வரியைப் பெருமையாக மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அந்த 17 பேர்தான் கண்ணில் நிற்கிறார்கள். விடுதலைக்காகப் போரிட்ட மனிதருக்கு, அவர்கள் தேடிப்போனதும் அதே விடுதலைதான் என்று எழுதத் தோன்றவில்லை. படிக்கும்போது இதைத் தாண்டிப் போய்விடாதே.

நம் ஊருக்கும் இந்தக் கடிதக்கட்டில் ஒரு நூல் இருக்கிறது. 1781 அக்டோபர் 17-ல் யார்க்டவுனில் முற்றுகைக்குள் சிக்கிய பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், 24 மணி நேரம் சண்டையை நிறுத்தலாம் என்று நாலு வரி எழுதி அனுப்பினார். இரண்டு மணி நேரம்தான் தருவேன், நிபந்தனைகளை முதலில் எழுதி அனுப்பு என்றார் வாஷிங்டன். இரண்டாம் நாள் சரணடைந்தார்கள். அதே கார்ன்வாலிஸ்தான் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவிடமிருந்து நம் பகுதியான பாராமகாலை வாங்கியவர். நம் கிருஷ்ணகிரி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது அப்படித்தான். நீ சின்னப் பிள்ளையாக அடம்பிடித்து ஏறினாயே அந்தக் கோட்டை, அதுவும் சேர்த்து.

உன் வீட்டிலிருந்து மவுண்ட் வெர்னான் பக்கம்தானே. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அந்தப் புது அறையில் கணப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து எனக்குச் சொல். அதற்கு முன்னால் செப்டம்பர் 30 கடிதத்தைப் படித்துவிடு, நீளமானது அல்ல. அப்புறம் எனக்கு ஒரு கடிதம் எழுது, வாட்ஸ்அப்பில் இரண்டு வரி வேண்டாம். புது இடத்தில் வேலை எப்படிப் போகிறது, இரவில் தூங்குகிறாயா, மாப்பிள்ளையிடமும் சொல்லாமல் எதையாவது வைத்திருக்கிறாயா, எல்லாம் எழுது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் அதையும் எழுதிவிடு, சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அப்பா