பெட்டியைப் பிரித்து வை

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது இரவெல்லாம் மனதிலேயே நின்றது. வீடு மாறி எட்டு மாதமாகியும் பாதிப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை, "இது நம்ம வீடா அப்பா, பரலோகம்தானே நம்ம வீடு" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் அலுப்பு இருந்தது எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டேன், தெரியாது என்றாய்.

பரலோகத்துக்கு ஏங்குவது தப்பே இல்லை. அம்மா போனதிலிருந்து எனக்கு அந்த ஏக்கம் இல்லாத நாள் கிடையாது. ஆனால் அதையே சாக்காகவும் வைத்துக்கொண்டேன். இரண்டு வருஷமாகச் சபையில் கேட்ட எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை, உன் சித்தப்பாவோடு இருக்கும் மனஸ்தாபத்தையும் தீர்க்கவில்லை, எல்லாம் அங்கே போய்ச் சரியாகிவிடும் என்று பக்தியாகச் சொல்லிக்கொண்டேன். சோம்பலும் வீம்பும்தான், வேறென்ன.

பாபிலோனுக்குச் சிறையாகப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தைப் போன வாரம் திரும்பப் படித்தேன். இரண்டே வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி ஜனங்களுக்கு ஆசை காட்டியிருந்தான். எரேமியா 70 வருஷம் என்கிறான். அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பழத்தைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறான். எந்த ஊர்? அவர்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனவனுடைய ஊர்! சொந்த ஊர் நிச்சயம் என்று தெரிந்தவனால்தான் அந்நிய மண்ணில் நிதானமாகச் செடி வைக்க முடியும் போலிருக்கிறது.

ஆபிரகாமும் அப்படித்தான். கடைசிவரை கூடாரத்தில் குடியிருந்தவர், சாராள் இறந்தபோது அந்த ஊர்க்காரரான ஏத்தின் புத்திரரிடம் தன்னை அந்நியன், பரதேசி என்றே சொல்கிறார். நிலத்தைச் சும்மாவே எடுத்துக்கொள் என்கிறான் அதன் சொந்தக்காரன் எப்பெரோன். இவரோ 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மனைவியை மக்பேலா குகையில் அடக்கம்பண்ணுகிறார். இந்த இடத்தை முன்பெல்லாம் வேகமாகத் தாண்டிவிடுவேன், இப்போது முடியவில்லை.

அம்மாவின் கடைசி வாரம் உனக்கு முழுதாகத் தெரியாது. பேசவே மூச்சு வாங்கியது, போகத் தயாராக இருந்தாள், பயமே இல்லை. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, எதிர்வீட்டு டப்பா ஒன்று நம்மிடம் இருக்கிறது, கொடுத்துவிடுங்கள் என்றாள். டப்பா கிடைத்தது, மூடி கிடைக்கவில்லை. மூடி இல்லாமல் கொடுக்காதீர்கள் என்று ஒரே பிடிவாதம். அலமாரியெல்லாம் கவிழ்த்துப்போட்டுத் தேடினேன், எரிச்சலாகக்கூட இருந்தது. கடைசியில் அடுப்படி மேல்தட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. கழுவித் துடைத்து அவளிடம் காட்டினேன், அப்புறம்தான் தூங்கினாள்.

இந்த உலகம் ஒன்றுமே இல்லை என்று யாராவது பிரசங்கம் செய்தால் எனக்கு அந்த மூடிதான் ஞாபகம் வருகிறது.

சரி, இந்தச் சனிக்கிழமை ஒரு பெட்டியையாவது பிரி. பழுப்பு நிறப் பெட்டியில் அம்மா தைத்த ஜன்னல் திரை இருக்கும், நீளம் போதாவிட்டால் கீழ் மடிப்பைப் பிரித்துவிடலாம், நிறையத் துணி விட்டுத்தான் தைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் கேட்டு எனக்கு எழுது.

சித்தப்பாவுக்கு முந்தாநாள் போன் போட்டேன். எடுக்கவில்லை. ராத்திரி மறுபடியும் போட்டுப் பார்க்கிறேன்.

அப்பா