எத்தனை மணி நேரப் பயணம்னு டிக்கெட்லயே பெருசா போடுங்க: விமான கம்பெனிகளுக்கும் டிக்கெட் விக்கிறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

எங்க அப்பா முதல் தடவையா தனியா விமானம் ஏறினார். கையில இருந்த டிக்கெட்ல கிளம்புற நேரம் மதியம் 3:30, போய்ச் சேர்ற நேரம் சாயங்காலம் 6:15, அவ்ளோதான் இருந்துச்சு. விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு ரெண்டே முக்கா மணி நேரம்தானேன்னு இன்சுலின் ஊசிய பெரிய பெட்டியில வச்சு லக்கேஜ்ல போட்டுட்டார். அந்த 6:15 எறங்குற ஊரோட நேரம், ரெண்டு ஊருக்கும் 5 மணி நேரம் வித்தியாசம்னு யாரும் சொல்லல. மொத்தம் ஏழே முக்கா மணி நேரம். வாட்ச்ல ராத்திரி 8 ஆகுது, சாப்பாடு வருது, ஊசி கீழ சரக்கு அறையில கெடக்கு, ஊசி போடாம சாப்பிட பயந்துட்டு மூடியக் கூட பிரிக்காம தட்ட அப்படியே திருப்பிக் குடுத்துட்டார். இத அவர் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க.

தூரத்த வச்சாவது கணக்கு போடலாம்னா அதுவும் சரியா வராது. நீங்க போடுற கிலோமீட்டர் பூமி உருண்டை மேல நூல் பிடிச்ச மாதிரி அளந்த குறுக்கு தூரம், அத மணிக்கு 900னு வகுத்தா பயண நேரம் வந்துடாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, மேல ஏறுறது, எறங்க எடம் கெடைக்காம சுத்துறது எல்லாம் தனி. காத்து வேற. நியூயார்க் - லண்டன் சுமார் 5,550 கிலோமீட்டர், போறப்ப 7 மணி நேரம்னா திரும்பி வர்றப்ப 8 ஆகும், ஏன்னா மேல ஜெட் ஸ்ட்ரீம்ங்கிற வேகமான காத்து மேற்கேருந்து கிழக்கால அடிக்குது. 2020 பிப்ரவரியில புயல் காத்து பின்னாடியிலேருந்து தள்ளி ஒரு விமானம் 5 மணி நேரத்துக்குள்ளயே லண்டன் போய்ச் சேந்துச்சு!

வழி மாறினா இன்னும் மோசம். 2022ல ரஷ்யா வான்வழிய மூடினப்போ ஹெல்சிங்கி - டோக்கியோ 9 மணி நேரமா இருந்தது கிட்டத்தட்ட 13 ஆயிடுச்சு. ரெண்டு ஊரும் இருந்த எடத்துலதான் இருக்கு, மேப்புல தூரமும் அதேதான், உக்காந்து வர்றவங்களுக்குத்தான் கூட 4 மணி நேரம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அட்டவணை போடும்போதே விமானம் நிக்கிற எடத்துலேருந்து நகர்றதுல ஆரம்பிச்சு அங்க போய் நிக்கிற வரைக்கும் கணக்கு பண்ணித்தானே போடுறீங்க. அந்த மொத்த நேரத்த கிளம்புற நேரத்துக்குப் பக்கத்துலயே, வயசானவங்க கண்ணாடி இல்லாம படிக்கிற அளவு எழுத்துல போடுங்க. நடுவுல விமானம் மாறணும்னா அங்க காத்திருக்குற நேரத்த தனியா காட்டுங்க. போய்ச் சேர்ற நேரத்துக்கிட்ட "அந்த ஊர் நேரப்படி"ன்னு ரெண்டு வார்த்தை சேருங்க.

அடுத்த மாசம் அப்பா திரும்பவும் போறார். இந்த தடவை டிக்கெட் மேல நானே பேனாவால எழுதிக் குடுத்திருக்கேன்: "மொத்தம் 7 மணி 45 நிமிஷம், ஊசி கைப்பையில." அதுல முதல் பாதிய நீங்க அச்சடிச்சுக் குடுங்க, மீதிய நாங்க பாத்துக்குறோம்.