செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், மனை உரிமையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல நடந்தன. தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. படகுத்துறைக்குப் புதுப் பலகை போட்டாயிற்று. செயற்குழுக் கூட்டங்களில் இரண்டு, போதிய உறுப்பினர்கள் வராததால் தள்ளிப்போயின.

இனி அணை. இந்த ஆண்டு சங்கம் செய்த வேலை என்றால் அதுதான்.

காப்பி எஸ்டேட்டாக இருந்த காலத்தில் ஓடையை மறித்துப் போட்ட மண்கரை இது. எஸ்டேட்டை மனை பிரித்தபோது ஏரியும் கரையும் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. படகு விடுகிறோம், மீன் பிடிக்கிறோம், சாயங்காலம் கரைமேல் நடக்கிறோம். பராமரிப்பதை மட்டும் பொதுப்பணித்துறை பார்த்துக்கொள்ளும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். பார்க்காது. 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை என்றால் நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகள் உண்டு. நம் கரை 10 மீட்டரைத் தொடாது. ஆகவே அந்தச் சட்டப்படி யாரும் நம்மைத் தேடி வந்து ஆய்வு செய்யப்போவதில்லை. கீழே ஓடையோரம் குடியிருப்பவர்களுக்கோ எட்டு மீட்டர் தண்ணீரும் ஆபத்துதான்.

ஐப்பசி மழையில் வெளிச்சரிவின் அடியில், மதகுக்குப் பக்கத்தில், ஈரம் கண்டது. காவலாளிதான் முதலில் பார்த்துச் சொன்னார். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தோம். மறுநாள் காலை அடியில் மெல்லிசாகச் செம்மண் படிந்திருந்தது. நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, முதலில் நீர்மட்டத்தை இறக்குங்கள் என்றார். எப்படி இறக்குவது? மதகு ஷட்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. டீசல் என்ஜின் வைத்து இறைத்துத்தான் குறைத்தோம். அப்புறம் கசிவு வந்த இடத்தில் முதலில் மணல், மேலே ஜல்லி, அதற்கும் மேலே பெருங்கல் என்று அடுக்கினோம். தண்ணீர் வெளியேறும், மண் நின்றுவிடும். சிமென்ட் பூசி அடைத்தால் போதாதா என்று பலர் கேட்டார்கள். அடைத்தால் தண்ணீர் கரைக்குள்ளேயே தேங்கி வேறு இடத்தில் புறப்படும்.

தை மாதம் ஷட்டரையும் திருகுக் கம்பியையும் மாற்றினோம். மாதாமாதம் ஏற்றி இறக்கிப் பார்க்கிறோம். கசிவு நீரில் ஒரு வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று காவலாளி நோட்டில் எழுதி வருகிறார். இப்போது வருவது தெளிந்த நீர்.

கரையில் முளைத்த சில்வர் ஓக் கன்றுகளையும் உன்னிப் புதரையும் வேரோடு எடுத்ததில் சிலருக்கு வருத்தம். எழுத்துமூலமாகவே புகார் வந்தது. மரம் பட்டு வேர் மக்கினால், அது தண்ணீருக்குக் குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி. குழிகளைக் களிமண் போட்டு இடித்து மேலே அருகம்புல் பதித்திருக்கிறோம். நிழல் வேண்டுவோர் கரைக்கு வெளியே மரம் வைக்கட்டும், கன்று சங்கமே தரும்.

ஏரி நிறைந்தால் மிகுதி நீர் வழிந்து வெளியேறும் கலிங்கு விஷயத்தில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. மீன் போய்விடுகிறது என்று அதில் கம்பிவலை கட்டியதும், படகுக்குத் தண்ணீர் போதவில்லை என்று மணல்மூட்டை அடுக்கியதும் யார் என்று இங்கே சொல்லவில்லை. இரண்டையும் அகற்றச் செய்தேன். அதற்காகக் கேட்ட பேச்சு கொஞ்சமில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணையைப் பொழுதுபோக்குக்காக ஒரு பணக்கார கிளப் வைத்திருந்தது. ஆண்ட்ரூ கார்னகியும் அதில் உறுப்பினர். வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். அணையின் அடியில் தண்ணீரைத் திறந்துவிட இருந்த குழாய்கள் முன்பே கழற்றி விற்கப்பட்டிருந்தன, அவற்றுக்குப் பதில் வேறு போடவில்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் தடுப்பில் குப்பை அடைத்தது, தண்ணீர் கரைமேல் வழிந்தது, கரை போயிற்று. ஜான்ஸ்டவுன் நகரிலும் பள்ளத்தாக்கிலும் 2,209 பேர் இறந்தார்கள். வலையும் திறக்க முடியாத மதகும் நம்மிடமும் இருந்தன.

ஏரி உடைந்து ரயில்பாதை சேதமானபோது கார்வேட்டிநகர் ஜமீன்தார் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று 1874-இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னதே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். உண்மைதான். ஆனால் அவை குடியானவர்களின் பாசனத்துக்காகக் காலங்காலமாக இருந்த ஏரிகள். அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை, அவர் பக்கம் கவனக்குறைவும் இல்லை என்பதால் வந்த தீர்ப்பு அது. நாம் தேக்கியிருப்பது படகு விட. தெரிந்தும் பழுதுபார்க்காமல் விட்டால் அந்தத் தீர்ப்பு நமக்குக் கைகொடுக்காது.

சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கும் உறுப்பினர்கள் விடுமுறைக்கு வரும்போது ஏரி நிறைந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கரைக்கான சிறப்புச் சந்தா கேட்டால் பதில் இல்லை. மூன்றில் ஒரு பங்கினர் பாக்கி வைத்திருக்கிறார்கள், அதில் சிலர் வருஷக்கணக்காக. அவர்கள் பங்கையும் சேர்த்து ஒழுங்காகக் கட்டுபவர்கள் சுமக்கிறார்கள். இது நியாயமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவில் பெரும்பகுதி கரைக்கும் மதகுக்கும் போயிற்று, கையிருப்பு சொற்பம், தணிக்கை முடிந்தது. தலைவர், பொருளாளர், யோசனைக்குக் காசு வாங்காத பொறியாளர், மழையில் ராத்திரியும் கரையைச் சுற்றி வந்த காவலாளி அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கலிங்கின் கீழ்ப்பக்கம் பெயர்ந்த கல்லைப் பதிக்க வேண்டும். நண்டு வளை, எலி வளைகளை அடைக்க வேண்டும். மட்டம் ஏறினால் ஓடையோரக் குடியிருப்பில் யாருக்கு முதலில் போன் செய்வது என்ற பட்டியல் காவலாளி கையில் இருக்க வேண்டும். வைகாசிக்குள் பணம் சேர்ந்தால்தான் ஐப்பசிக்குள் இவை முடியும். இந்தப் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் நோட்டுகளோடு ஒப்படைக்கத் தயார். இல்லையென்றால் இன்னொரு வருஷம் நானே பார்க்கிறேன், ஆனால் வெறுங்கையோடு முடியாது. பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று கூட்டம் கலைவதற்குள் பொருளாளரைப் பார்க்கவும். ரசீது புத்தகம் அவரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்