சாப்பாடு சுத்துற லஞ்ச் சீட் பத்தி பெத்தவங்களுக்கு ஒரு கடிதம்

அன்பான பெத்தவங்களுக்கு வணக்கம்,

போன வெள்ளிக்கிழமை தரம் 8 புள்ளைங்களுக்கு ஒரு விவாதம் வச்சோம், சூழல காப்பாத்துறது சட்டமா இல்ல சாமான் வாங்குற ஆளோட விருப்பமான்னு. விருப்பம்தான்னு பேசுன புள்ளைங்க நல்லாத்தான் பேசுனாங்க, நாம வாங்காட்டி கம்பனிக்காரன் செய்ய மாட்டான், கடையில வைக்க மாட்டாங்கன்னு. அப்ப மத்த பக்கத்துலருந்து ஒரு பொம்பளப் புள்ள எழும்பி, "எங்கம்மா சம்பளத்துக்கு ஷெம்பு போத்தல் வாங்க ஏலாது சேர், பாக்கெட்டுதான் வாங்குவாங்க, அதுக்கு அவங்கள குத்தம் சொல்லலாமா"ன்னு கேட்டுட்டு உக்காந்துட்டா. கிளாஸே சத்தமில்லாம போச்சு.

அவ கேட்டது நியாயம். நாட்சம்பளத்துல ஓடுற வீட்டப் பாத்து, நீ பாத்து வாங்கலைன்னாதான் உலகம் கெடும்னு சொல்ல எனக்கு மனசு ஒப்பல. கையில காசு இருந்தாத்தானே விருப்பம்னு ஒன்னு. பெட்ரோல்ல முந்தி ஈயம் கலந்து வந்துச்சு, அந்தப் புகை சின்னப் புள்ளைங்க மூளையத்தான் ரொம்ப பாதிக்கும், 2002ல நம்ம நாட்டுல அத நிறுத்துனாங்க, ஒவ்வொரு ஆளும் பெட்ரோல் ஷெட்டுல போயி ஈயம் இல்லாதது தாங்கன்னு கேக்கட்டும்னு காத்திருந்தா இன்னைக்கும் நின்னிருக்காது.

ஆனா சட்டம் போட்டதும் முடிஞ்சிருச்சான்னா அதுவும் இல்ல. 2017ல சித்திரைப் புதுவருசத்தன்னைக்கு கொழும்பு பக்கம் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிஞ்சு 32 பேர் செத்தாங்க, அந்த செப்டம்பர்லயே பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடை. 2021ல 20 மில்லியும் அதுக்குக் கொறைஞ்சதுமான சின்ன பாக்கெட்டுக்கும் தடை, சாப்பாடு மருந்து தவிர. இதெல்லாம் நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்துச்சா? போன மாசம் மழையில ஸ்கூல் பின்னால தண்ணி ஓடுற கான் அடைச்சு தரம் 3 கிளாஸுக்குள்ள தண்ணி ஏறுச்சே, மம்பட்டியால வாரிப் போட்டா பூரா லஞ்ச் சீட், ஒன்னுல கறி மஞ்சள் கூட போகல, இன்னொன்னுல ஊறிப்போன ரொட்டித் துண்டு. நம்ம புள்ளைங்க கொண்டாந்ததுதான். அந்தக் கான் தண்ணி ஆத்துல விழுந்து மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போயி, மகாவலியோட திருகோணமலைக் கடல் வரைக்கும் போகுது.

ஷொப்பிங் பேக் விசயத்துல எனக்கு கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு. 2025 நவம்பர் 1லருந்து கடையில பேக் சும்மா குடுக்கக் கூடாது, காசு வாங்கணும்னு வந்துச்சு இல்லையா, வேணும்னா வாங்கிக்கலாம், யாரும் தடுக்கல, ஆனாலும் டவுன் பஸ்ல நம்ம ஆளுங்க கையில இப்ப துணிப்பை பாக்குறேன். அயர்லாந்துல 2002லயே பேக்குக்கு 15 சென்ட் வரி போட்டு பாவனை 90 வீதம் அளவுக்கு கொறைஞ்சுச்சு.

அதனால திங்கக்கிழமைலருந்து நம்ம ஸ்கூலுக்குள்ள லஞ்ச் சீட் வேணாம். டப்பா வாங்கிக் குடுங்கன்னு நான் கேக்கல. பழைய மாணவர்கள் குடுத்த காசுல ஒவ்வொரு கிளாஸுக்கும் சில்வர் தட்டு வாங்கி வச்சாச்சு. ரொட்டியோ சோறோ வாழை இலையில, பழைய வேட்டித் துணியில சுத்தி விடுங்க, இங்க தட்டுல வச்சு சாப்பிட்டு பீலியில கழுவி வைப்பாங்க. மறந்து சீட்டுல கொண்டாந்தாலும் புள்ளைய ஏச மாட்டோம், பட்டினியும் போட மாட்டோம், சீட்ட வாங்கி வச்சுட்டு தட்டு குடுப்போம். டீச்சர்மாருக்கும் எனக்கும் இதே சட்டம்தான்.

இன்னொரு விசயம். லயத்துல குப்பைய கூட்டி எரிக்கிறோம், புகைய குடிக்கிறது கைப்புள்ளைங்க. பிரதேச சபைச் சட்டத்த 2018ல திருத்துன பொறகுதான் சபைக்கு தோட்டத்துக்குள்ள வேலை செய்ய வழி வந்துச்சு, அப்ப குப்பை ட்ரெக்டர் லயத்துக்கும் வரணும்னு நாம கேக்கலாம். கடிதம் எழுதி வச்சிருக்கேன். வியாழக்கிழமை வந்து கையெழுத்து வைங்க, கொழுந்து எடை போட்டுட்டு வந்தாலும் பரவால்ல, 6 மணி வரைக்கும் ஆபீஸ்ல இருப்பேன்.

இப்படிக்கு,
உங்க அதிபர்