மனநல மருத்துவர்களுக்கு: எங்களுக்கும் உள்ளே ஒரு நாற்காலி போடுங்கள்

அன்புள்ள மனநல மருத்துவர்களுக்கு,

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். அது திரும்பி வரும்போது அவர் முதலில் செய்வது, கைப்பேசியைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைப்பது. இரண்டு மூன்று நாளில் தூக்கம் குறையும். அப்புறம் குளிக்க மாட்டார். குரல் கேட்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதற்குள் இரண்டு வாரம் ஓடியிருக்கும். இந்த வரிசையைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

போன தடவை அந்த நோட்டோடுதான் வந்தேன். "அவரிடம் மட்டும் பேசிக்கொள்கிறேன், நீங்கள் வெளியே உட்காருங்கள்" என்றார் மருத்துவர். பத்து நிமிடம் சமாளிப்பது அண்ணனுக்குப் பெரிய விஷயமில்லை. பழைய மருந்துச் சீட்டோடு வெளியே வந்தார். ஒன்பதாம் நாள் ராத்திரி அவரைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பீர்கள். சரி, காக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் சொன்னதை எங்களிடம் சொல்லக்கூடாது என்பதுதான் அதன் பொருள். நாங்கள் பார்த்ததை நீங்கள் கேட்கக்கூடாது என்றில்லையே! காதைத் திறந்து வைத்தால் எந்த ரகசியமும் வெளியே போய்விடாது. தங்கையைக் கூப்பிடலாமா என்று அண்ணனையும் அன்று யாரும் கேட்கவில்லை.

குடும்பத்தைச் சந்தேகமாகப் பார்ப்பது உங்கள் துறையின் பழைய வழக்கம். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றே எழுதினார். அந்தக் கருத்தை நீங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டீர்கள். ஆனாலும் "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று நீங்கள் கேட்கும்போது அம்மா இன்னும் தலை குனிகிறார். பிறகு லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும், மருத்துவமனையிலிருந்து ஓயாமல் குறை சொல்லும் வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகம் திரும்புகிறது என்று கண்டார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அடுத்து வந்த ஆய்வுகளையும் நீங்கள் அறிவீர்கள்: குடும்பத்துக்கு நோயைப் புரியவைத்து, பேசும் முறையைப் பழக்கினால் நோய் திரும்புவது குறைகிறது. எங்களுக்கு அதை யாரும் பழக்கவில்லை. அவர் குளிக்காதது சோம்பல் இல்லை, நோயின் ஒரு பகுதி என்று தெரியாமல் நான்கு வருடம் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

மருந்து விஷயமும் அப்படித்தான். க்ளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் வெள்ளை அணுக்களை உடனே பரிசோதிக்க வேண்டும். லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி பேதியில் உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடும். காய்ச்சலையும் பேதியையும் முதலில் பார்க்கப்போவது வீட்டில் இருப்பவர்தானே? க்ளோசபின் சங்கதியை நான் மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த பொடி எழுத்துத் தாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஃபின்லாந்தின் டோர்னியோவில் 1980களிலிருந்து நோயாளியையும் குடும்பத்தையும் ஆரம்பத்திலேயே ஒன்றாக உட்காரவைத்துப் பேசுகிறார்கள். சிகிச்சை முடிவுகளும் அவர்கள் முன்னிலையிலேயே பேசப்படுகின்றன. நான் அவ்வளவு கேட்கவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் ஐந்து நிமிடம் போதும். அப்புறம், ராத்திரி இரண்டு மணிக்கு அவர் கதவைப் பூட்டிக்கொண்டால் கூப்பிட ஒரு எண் வேண்டும்.

பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸாரிட் என்ற ஆய்வாளரின் பெயரில் 22 கேள்விகள் உங்களிடம் இருக்கின்றன. அதில் ஒன்றைக்கூட என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அழுதுவிடுவேனோ என்று பயந்திருக்கலாம். அழுதால்தான் என்ன?

அடுத்த சந்திப்புக்கு நானும் உள்ளே வரட்டுமா என்று அண்ணனிடம் நானே கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வா. ஆனா நோட்டை முழுசாப் படிக்காதே."

இப்படிக்கு,
வெளியே உட்கார்ந்திருந்த தங்கை